சுவரோரம் வைத்த எஞ்சின்

எங்கள் வீட்டுக்கு எஞ்சின் வந்தது என்னால்தான். பணம் என் வீட்டுக்காரருடையது, பிடிவாதம் என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு அவர் தலையில் போட்டுவிட்டு நான் நழுவப் பார்த்தேன் என்று யாரும் சொல்லக் கூடாது.

அறுபதுகளின் தொடக்கம். திண்டுக்கல்லில் பெண்கள் பள்ளி ஒன்றில் நான் விஞ்ஞான டீச்சர். சாயங்காலம் வீட்டுக் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்களுக்கு டியூஷன் எடுத்தேன். அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. அணைகளில் தண்ணீர் இல்லை என்று சொல்லி, தை மாதத்திலிருந்து தினமும் ஆறு மணிக்குக் கரண்டை நிறுத்தினார்கள். ஒன்பதுக்குத்தான் திரும்பி வரும். பெட்ரோமாக்ஸ் வைத்துப் பார்த்தேன். பாதிப் பாடத்தில் மேண்டில் வலை உதிரும், பூச்சி நோட்டில் விழும், பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால் எனக்குப் பொறுக்காது. மூக்கின் மேல் கோபம் என்று பள்ளிக்கூடத்திலேயே பேர் வாங்கியவள் நான்.

என் வீட்டுக்காரர் தோல் தரகர். பல ஊர் சுற்றுகிறவர். மதுரையில் பட்டாளத்துப் பழைய சாமான் ஏலத்தில் வந்த சின்ன ஜெனரேட்டர் ஒன்று கிடக்கிறது, நாலைந்து பல்பும் ஒரு ஃபேனும் தாங்கும் என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். அதோடு பிடித்துக்கொண்டேன்.

எதில் ஓடுகிற எஞ்சின் நல்லது என்று ஒரு வாரம் இருவரும் மல்லுக்கட்டினோம். டீசல் எஞ்சின் என்றால் தோட்டத்துக் கிணற்றில் வைக்கிற அளவில்தான் கிடைக்கும், அதைக் கொண்டுவந்து வைத்தால் நாங்கள் தெருவில் படுக்க வேண்டியதுதான். பெட்ரோல் மட்டும் குடிக்கிற எஞ்சின் வேண்டாம் என்று அவர் சொன்னார். விறகடுப்பு எரிகிற வீட்டில் டின் டின்னாகப் பெட்ரோலை வைத்துக்கொண்டு தூங்க முடியுமா என்று கேட்டார். அது நியாயம். மதுரை எஞ்சின் இரண்டும் கலந்த ஜாதி. பெட்ரோலில் கிளப்பி, சூடு ஏறியதும் குழாயைத் திருப்பினால் மண்ணெண்ணெயில் ஓடும். நிறுத்துவதற்கு முன்னால் மறுபடி பெட்ரோலுக்குத் திருப்பி, உள்ளே நிற்கிற மண்ணெண்ணெயை எரித்துத் தீர்த்துவிட வேண்டும். மறந்தால் மறுநாள் கயிற்றை எத்தனை தரம் இழுத்தாலும் அசையாது. மண்ணெண்ணெய் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும் என்பதால் அதுவே முடிவாயிற்று.

பொருத்துவதற்குப் பேகம்பூரிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கொல்லையில் கிணற்றடியைக் காட்டினார்.

"இங்கன போட்டுருவோம் டீச்சரம்மா. நாலு பக்கமும் காத்து, யாருக்கும் தொந்தரவு இல்ல. ஒயர்தான் முப்பது அடி கூட ஆகும்."

எனக்கு அது பிடிக்கவில்லை. கிணற்றடியிலிருந்து புகை நேராகக் கூடத்துக்கு வரும், சத்தத்தில் நான் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருக்கும். மேற்கே, பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவரோரம் இருந்த இடுக்கைக் காட்டினேன்.

"அது ரெண்டு வீட்டுக்கும் ஒரே சொவரும்மா. அதிரும். அந்த வூட்டுக்காரவுக கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிருங்க" என்றார்.

"அதெல்லாம் நான் பாத்துக்கிறேன். நீங்க வேலையப் பாருங்க" என்றேன்.

பக்கத்து வீட்டில் ஆர்மோனியப் பெட்டி பழுது பார்க்கிறவர் குடியிருந்தார். மனைவி இல்லாதவர். ஒரே மகள் பத்தாம் வகுப்பு, என் டியூஷனில்தான் படித்தாள். அவளிடம் நான் சம்பளம் வாங்கவில்லை. அதனால் அவர் என்னை எங்கே பார்த்தாலும் தோளில் கிடக்கும் துண்டை இடுப்புக்கு இறக்கிவிடுவார். நானும் அப்படியெல்லாம் செய்யாதீர்கள் என்று சொன்னதில்லை.

ஒரு வார்த்தை கேட்டேனா என்றால், கேட்டேன். கேட்ட விதம்தான் சரியில்லை. "சுவரோரம் எஞ்சின் வைக்கிறோம், உங்க வீட்டுக்கும் ஒரு பல்பு இழுத்து விடச் சொல்றேன்" என்றேன். "டீச்சரம்மா பாத்துச் செஞ்சாச் சரி" என்றார். பல்பு கொடுத்த பெருமையில் எனக்கு அன்று ராத்திரி நல்ல தூக்கம்.

எங்கள் தெரு பூட்டுப் பட்டறைத் தெரு. காலை எட்டு மணிக்கு அரமும் சுத்தியலும் ஆரம்பித்தால் மாலை ஆறுக்குத்தான் ஓயும். சுருதி சேர்க்கிற மனிதருக்குப் பகலில் என்ன வேலை நடக்கும்? மரவேலை, துருத்திக்குத் தோல் ஒட்டுவது எல்லாம் பகலில் செய்வார். பட்டறைகள் மூடிய பிறகுதான் சுருதிக்கு உட்காருவார். தெரு தூங்கப் போகிற ஒன்பது வரை மூன்று மணி நேரம், அவ்வளவுதான் அவருக்கு. அந்த மூன்று மணி நேரத்தில்தான் கரண்ட் போனது. அந்த மூன்று மணி நேரமும் என் எஞ்சின் அவர் சுவரில் ஓடியது.

அதுவும் எந்த மாதத்தில்! ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில் அன்றைக்கெல்லாம் எங்கள் கத்தோலிக்கக் கோயில்களில் ஆர்மோனியம் வாசிக்க மாட்டார்கள். நாற்பது நாளும் பெட்டி சும்மா கிடப்பதால், சுற்றுப்பட்டுக் கிராமத்துக் கோயில்காரர்கள் எல்லாம் மாட்டு வண்டியில் பெட்டியைக் கொண்டுவந்து அவரிடம் கொடுப்பார்கள். அவருடைய வருஷத்துச் சாப்பாடே அந்த நாற்பது நாளில்தான் இருந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. நான் கோயில் பாடல் குழுவில் பாடுகிறவள். பெட்டிகள் அவர் வீட்டுக்குப் போவதையும் வருவதையும் வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன்.

ஈஸ்டர் காலைப் பூசையில், நாற்பது நாள் கழித்து, அவர் சரி செய்து கொடுத்த பெட்டி வாய் திறந்தது. நடு ஸ்தாயியில் இரண்டு சுரங்கள் ஒன்றோடொன்று சேராமல் விம்மின. நாங்கள் பாட்டை எடுக்க முடியாமல் தடுமாறினோம். பின் வரிசையில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தது என்னைத்தான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. பூசை முடிந்ததும் வாசலில், கோயில் காரியங்களைப் பார்க்கிற உபதேசியாரைப் பிடித்துக்கொண்டேன். நாலு கிராமத்து ஆட்கள் சுற்றி நின்றார்கள்.

"அந்த மனுஷனுக்குக் காது போச்சு. இனிமே பெட்டிய மதுரைக்கு அனுப்புங்க" என்றேன். நன்றாகக் காதில் விழும்படி, வகுப்பில் பேசுகிற குரலில்தான் சொன்னேன்.

பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் எஞ்சின் கிளம்பவில்லை. முதல் நாள் நான்தான் பெட்ரோலுக்குத் திருப்பாமல் நிறுத்தியிருந்தேன். அரிக்கேன் விளக்கை வைத்துப் பாடத்தை ஆரம்பித்தேன். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சுரம் கேட்டது. நின்றது. மறுபடி அதே சுரம், மயிரிழை ஏறி. மறுபடி. கடைசியில் கண்ணாடியாக நின்றது. நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

"எஞ்சின் ஓடலன்னதும் அப்பா பெட்டிய எடுத்துட்டாக டீச்சர்" என்றாள் அவர் மகள், சந்தோஷமாக. "ஓடுறப்ப ஒண்ணுமே கேக்காதாம். பெட்டி ஓரத்தப் பல்லால கடிச்சுக்கிட்டே சுருதி சேப்பாக. பல்லு வழியா சத்தம் வருமாம். ஆனா சொவரு அதுருதா, அதும் சேந்து வந்துருமாம்."

காற்றைவிடத் திடப்பொருளில் ஒலி நன்றாகப் பரவும் என்று அதே கூடத்தில், அதே எஞ்சின் வெளிச்சத்தில், அந்தப் பெண்ணுக்கே பாடம் நடத்தியவள் நான். அவள் பரீட்சையில் அதை எழுதி மார்க்கும் வாங்கியிருந்தாள்.

"ஏன்டி எங்கிட்டச் சொல்லல?"

"அப்பா சொல்லக் கூடாதுன்னாக."

மறுநாளே மெக்கானிக்கைக் கூப்பிட்டு எஞ்சினைக் கிணற்றடிக்கு மாற்றினேன். அரை நாள் வேலை. முப்பது அடி ஒயர். புகை கூடத்துக்கு வரவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எரிந்து விழுந்திருப்பேன், அதுவும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

எஞ்சினை மாற்றலாம். சொன்ன சொல்லை என்ன செய்வது? உபதேசியாரிடமும் அந்த நாலு ஊர்க்காரர்களிடமும் போய், தப்பு அவர் காதில் இல்லை, என் எஞ்சினில் என்று சொல்ல வேண்டும். அதற்கு எனக்குத் துணிவில்லை. பங்குச் சாமியாரிடம் சொன்னேன். எங்கே சொன்னேன் தெரியுமா? பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்தில், தட்டிக்கு இந்தப்புறம் மண்டியிட்டு. அங்கே கேட்டதைச் சாமியார் வெளியே வாய் திறந்து சொல்ல முடியாது, அதை வைத்து ஒரு காரியம் செய்யவும் முடியாது. பிறந்ததிலிருந்து எனக்கு இது தெரியும். தெரிந்துதான் அங்கே போனேன்.

"இதை என் அறையில் வந்து சொல்லும்மா. அப்போதுதான் நான் ஏதாவது செய்ய முடியும்" என்றார் சாமியார். சரி என்று தலையாட்டினேன். கொடுத்த செபங்களை ஒன்று விடாமல் சொன்னேன். மனசு லேசாகிவிட்டது. அந்த லேசை நினைத்தால்தான் இன்றைக்கு எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அறைக்கு நான் போகவில்லை. வாரா வாரம் கோயில் வாசலில் சாமியார் என்னைப் பார்ப்பார். அவர் கேட்கவும் முடியாது. நான் வெயிலைப் பற்றிப் பேசுவேன்.

அடுத்த தபசு காலத்தில் ஆர்மோனியக்காரர் வாசலுக்கு ஒரு வண்டியும் வரவில்லை. எல்லாப் பெட்டியும் மதுரைக்குப் போயின. ஈஸ்டர் கழிந்த வாரம், கரூர்ப் பக்கம் பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் மரவேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லிக்கொள்ள வந்தார். மகள் பள்ளி இறுதிப் பரீட்சை எழுதி முடித்திருந்தாள்.

"நல்ல கைத்தொழில் இருக்கே, அதை ஏன் விடுறீங்க?" என்றேன். கேட்க எனக்கு எப்படி வாய் வந்ததோ.

"மொதல்ல நானும் எஞ்சின் சத்தந்தான்னு நெனச்சேன் டீச்சரம்மா. அத நீங்க தள்ளி வச்ச பொறவும் சந்தேகம் போகல. ஒரு சொரத்த வச்சுப்புட்டு இது சரியா, சரியான்னு பத்து வாட்டி கேக்கேன். கோயில்ல யாரோ சொன்னாகளாம், எனக்குக் காது போச்சுன்னு. பாட்டுத் தெரிஞ்சவுகளாம். அப்ப நெசமாத்தானே இருக்கும்?"

உபதேசியார் என் பேரைச் சொல்லாமல் காப்பாற்றியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். டீச்சர் என்ன சொன்னாலும் நம்பிவிடுகிற முகம். இல்லை, உங்கள் காது நன்றாக இருக்கிறது, அதை என் காதால் கேட்டேன் என்று சொன்னால் போதும். எப்படித் தெரியும் என்று கேட்பார். அப்புறம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டி வரும்.

"நல்லபடியாப் போயிட்டு வாங்க" என்றேன்.