ஸ்டெல்லா திட்டிக்கொண்டிருக்கும் படம்

ஆம்பூரில் ஸ்டுடியோ நடத்திய ஸ்டெல்லாவை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். வரிசை போட்டுக்கொள்ளாவிட்டால் தடுமாறிவிடுவேன். ஆகவே:

1. செய்தி வந்தது.
2. ஜோடிகளைப் படமெடுக்க அவரிடம் நான் கற்றது.
3. எனக்கென்று ஒரு பாணி அமையவில்லை. என் படங்களில் நல்லதெல்லாம் அவருடையது.
4. அஞ்சலிப் பேனருக்குப் படம் தேர்ந்தெடுத்தது.

சோளிங்கரில் ஒரு புதுமணத் தம்பதியைப் படமெடுக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லாவின் கணவர் ஜெயராஜ் வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். “சார், ஸ்டெல்லா போய்ட்டா சார்.” நெஞ்சுவலி என்று முந்தின நாள்தான் சேர்த்திருந்தார்கள். நான் வேலையை விட்டுவிட்டு வருவதாகச் சொன்னேன். “வேணாம் சார். ஜோடிய காக்க வைக்காம சார் போய்ட்டு வரட்டும்னு நேத்தே சொன்னா.” போனேன். படங்களை எடுத்து முடித்தபின்தான் ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்க்கப் போனேன்.

ஷூ கம்பெனியில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இடது ஷூவும் வலது ஷூவும் நிறத்திலும் அளவிலும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்து ஜோடி சேர்ப்பதே என் வேலை. ஓய்வுக்குப் பிறகு, என்னைவிட மிகவும் இளையவரான ஸ்டெல்லாவிடம் தொழில் கற்கச் சேர்ந்தேன். முதல் நாள், குடியாத்தத்திலிருந்து வந்த பெண்ணைச் செங்கல் மேல் ஏற்றி மாப்பிள்ளையின் உயரத்துக்குக் கொண்டுவந்தேன். பிறகு இருவர் முகவாய்களையும் ஒரே கோணத்துக்குத் திருத்தினேன்.

“இன்னா சார் பண்றீங்க? ஷூவா செக் பண்றீங்க?” என்றார் ஸ்டெல்லா.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். மாப்பிள்ளை விழித்தார். அந்தக் கணத்தை ஸ்டெல்லா எடுத்துவிட்டார். “ரெண்டு பேரும் எங்க வேற வேறயா இருக்காங்களோ, அங்கதான் சார் பாக்கணும்.”

அவர் யாரிடமும் “சிரிங்க” என்று சொன்னதில்லை. ஒரே கம்பெனியில் ஷிப்ட் மாறி மாறி வேலை செய்யும் தம்பதி ஒருமுறை வந்தார்கள். “வீட்டுச் சாவிய எப்டி குடுத்துக்குவீங்க? அப்டியே குடுங்க” என்றார். கம்பெனி கேட்டில் இவள் நுழைய, அவன் வெளியேற, நடுவில் சாவி. அந்தப் படத்தைப் பார்த்துப் பலர் அதைப் போலவே கேட்டார்கள். “அது அவங்க சாவி. உங்களுது இன்னான்னு சொல்லுங்க” என்று வியாபாரத்தைத் திருப்பி அனுப்பினார். அவர் ஸ்டுடியோவில் இருந்தேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை உண்டு.

பேனருக்கு ஜெயராஜ் கொண்டுவந்தது நான் எடுத்த படம். அவர்களுடைய கல்யாண நாள் ஒன்றில், தான் எடுத்து வைத்ததை விட்டு வேறு சட்டை போட்டு வந்ததற்காக ஸ்டெல்லா அவரைத் திட்டுகிறார். நெட்டையான ஜெயராஜ் குனிந்து, அவர் தோளில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

“உயிரோட இருக்கறவர அஞ்சலி பேனர்ல போடக்கூடாது சார். அண்ணன வெட்டிடலாம்” என்றார் பேனர் கடைக்காரர் பாபு.

வெட்டிக் காட்டினார். ஸ்டெல்லா யாருமில்லாத இடத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார். தோளில் ஒரு கை மட்டும் மிச்சமிருந்தது.

“அவ யாரத் திட்டுறான்னு தெரிய வேணாமா?” என்றார் ஜெயராஜ்.

கடைகளில் குரல் உயர்த்திப் பேசியவன் அல்ல நான். “வெட்டாதீங்க பாபு” என்றேன். “முழுசா போடுங்க. யாராவது கேட்டா, நான் சொன்னேன்னு சொல்லுங்க.”

பாபு பழையபடி ஆக்கினார். “நீங்க சொல்லவே வேணாம் சார். வெறும் சுவரு, நடுவுல நூல் புடிச்ச மாதிரி, இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர். யாரு எடுத்ததுன்னு பாத்தாலே தெரியுது. ஸ்டெல்லாக்கா சொல்லும்ல, ‘சார் ஜோடிய தராசுல வச்சு எடுப்பாரு, எனக்கு அது வராது’ன்னு.”

கம்பெனிப் பழக்கம் என்னை விட்டுப் போகாத குறை என்றே அதை நினைத்திருந்தேன். ஸ்டெல்லா என்னிடம் சொல்லாமல் ஊரெல்லாம் சொன்ன அந்த வார்த்தையை இனி நான் வைத்துக்கொள்கிறேன். மேலே மூன்றாவதாக எழுதியது தவறு.