பென்சிலில் நின்ற பெயர்

சிஸ்டரின் பதிவேட்டில் ஒரு பாதிப் பென்சில் தொங்கும். புண்ணுக்குக் கட்டும் துணியைக் கயிறாகத் திரித்து அதில் கட்டியிருப்பார். கேரள எல்லையோரம் பெருமாட்டிப் பக்கத்துச் சுகாதார நிலையம் ஒன்றில் அவர் நர்ஸ். நான் கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றத் தற்காலிகமாக வந்த பெண். கர்ப்பிணிகளின் பெயர்களைப் பேனாவில் எழுதுவார். பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு போனவர்களை மட்டும் பென்சிலில் எழுதுவார். எங்கள் ஊர் மருமகள்களில் பாதிப் பேருக்குப் பிறந்த வீடு எல்லைக்கு அந்தப் பக்கம், பொள்ளாச்சியிலோ கிணத்துக்கடவிலோ இருக்கும். கட்டுச்சோறு விருந்து முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். பென்சில் பெயர்களுக்குத் திங்கட்கிழமைதோறும் சிஸ்டர் போன் செய்வார். எடுக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பார். பிள்ளை பிறந்த பிறகுதான் பென்சிலை அழித்துவிட்டுப் பேனாவில் எழுதுவார். "அங்க போயிட்டாலும் நம்மூட்டுப் புள்ளைங்கதான கண்ணு" என்பார். எனக்கு அது வேண்டாத வேலையாகத்தான் பட்டது.

என் வேலை திரையில். மாதக் கடைசிக்குள் விவரம் ஏறாத பெயர்கள் சிவப்பில் நிற்கும். மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில், எங்கள் பக்கத்தில் அவலோகனம் என்பார்கள், அதிகாரி முதலில் கேட்பதே அந்தச் சிவப்பைத்தான். வேறு மாநிலத்துக்குப் போனவர்களை 'வெளியே சென்றவர்' என்று குறிக்கலாம் என்று உத்தரவும் வந்திருந்தது. ஒரு மாதக் கடைசியில் பென்சில் பெயர்கள் அத்தனையையும் அப்படிக் குறித்தேன். சிவப்பு மொத்தமும் போய்விட்டது. எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். சிஸ்டரிடம் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

அடுத்த திங்கட்கிழமை, பார்க்க வேண்டியவர்களின் பட்டியலை அச்சடித்துக் கொடுத்தேன். சிஸ்டர் கண்ணாடியை ஏற்றி இறக்கி அதைப் பார்த்தார். "ஏங்கண்ணு, அந்தக் கிணத்துக்கடவுப் புள்ளயக் காணோம்? தலப்பிள்ள, பிரஷர் வேற இருக்குது." கிணத்துக்கடவில் பிறந்து எங்கள் ஊரில் வாழ்க்கைப்பட்ட பெண்ணைத்தான் கேட்டார். நான் திரையை விட்டுத் தலையைத் தூக்காமலே சொன்னேன்: "இதுல இல்லீன்னா அந்தப் பக்கத்து நர்ஸுங்க பாத்துக்கறாங்கன்னு அர்த்தமுங்க சிஸ்டர்." பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினேன். ஆனால் யாரைக் கேட்டு நம்பினேன்? இன்றுவரை விளங்கவில்லை. "கம்ப்யூட்டர்ல இருந்தாச் சரிதான்" என்று பதிவேட்டில் பென்சிலால் என்னவோ குறித்துக்கொண்டார். எதைக் கேட்டாலும் எழுதிவைக்கும் பழக்கம் அவருக்கு. அந்தப் பெண்ணுக்கு அன்று போன் போகவில்லை, அடுத்த திங்களும் போகவில்லை.

அந்தப் பக்கத்தில் அவளை யாருமே பார்க்கவில்லை. அங்கே அவள் பெயர் ஏறியிருக்கவே இல்லை. தலைவலியும் கால்வீக்கமும் சூட்டினால் வந்தவை என்று தாய்வீட்டில் இளநீர் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். வலிப்பு வந்தபிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவள் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

அந்த மாத அவலோகனத்தில் அதிகாரி மேசையைத் தட்டி, யார் விட்டது என்று மலையாளத்தில் கேட்டார். பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிஸ்டர் எழுந்தார். பதற்றம் வந்தால் அவருக்குத் தமிழ்தான் வரும். "நாந்தானுங்க சார் பாக்காம உட்டுட்டேன்." எனக்கு வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? வெட்கம் கெட்டவள், குனிந்து கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும் சிஸ்டர் என்னிடம் கேட்டது, "சாப்டியா கண்ணு?" அவ்வளவுதான். அவருக்கு மெமோ வந்தது, பிறகு மறையூர்ப் பக்கம் மாற்றலும் வந்தது. நான் சொன்னதை மறந்துவிட்டாரோ, பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லையோ என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தப் பெண் இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். பஸ் ஸ்டாப்பில் பார்த்தால், "ஏனுங்கக்கா, சிஸ்டர் நல்லா இருக்கறாங்களா?" என்று சிரித்தபடி கேட்பாள். எனக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.

போன வாரம் பழைய பதிவேடுகளைக் கட்டி அனுப்பச் சொன்னார்கள். சிஸ்டருடையதை எடுத்தேன். பென்சில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கிணத்துக்கடவுப் பெண்ணின் பெயர் இன்னும் பென்சிலிலேயே இருந்தது. அதற்கு நேரே குறிப்புக் கட்டத்தில் எதையோ அழித்து அழித்துத் தாள் நைந்திருந்தது. ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்தேன். எழுத்து போயிருந்தாலும் அழுத்திய தடம் இருந்தது. அந்தத் திங்கட்கிழமைத் தேதி. கீழே என் பெயர். 'கேட்டேன். அந்தப் பக்கம் பார்க்கிறார்கள் என்றாள்.'

மெமோவுக்குப் பதில் சொல்ல அந்த ஒரு வரியைக் காட்டியிருந்தால் போதுமே! எப்போது அழித்தார்? கூட்டத்துக்கு வருமுன்பா, என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேவா? எதற்காக? என் வேலை போய்விடும் என்றா, நானாக எழுந்திருப்பேனா என்று பார்க்கவா? எப்படி யோசித்தாலும் பிடிபடவில்லை. பதிவேட்டைக் கட்டில் சேர்க்காமல் என் மேசையில் வைத்திருக்கிறேன். அவருடைய எண் என் போனில் இருக்கிறது. கூப்பிட்டால் முதலில் "சாப்டியா கண்ணு?" என்றுதான் கேட்பார். அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியாமல் போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.