மழையை நிற்பாட்டி ஓடிய லொறி

எழுத்து எனக்குக் கோணல்மாணலாகத்தான் வரும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு சரி. மறதியும் கூட. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொழும்பில், வெள்ளவத்தைக் கடற்கரையோரம் உள்ள எங்கள் பிளாட்டில் மகன் விட்டுப்போன கம்ப்யூட்டரில் நான் லொறி ஓட்டுகிறேன். விளையாட்டு லொறிதான். கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் தங்கச்சியும் தன் வீட்டிலிருந்து அதே ரோட்டில் ஓட்டுவாள். ஞாயிறு பின்னேரம் இரண்டு பேரும் சேர்ந்து சாமான் ஏற்றிப் போவோம். ஆட்களைக் கண்டால் கூச்சப்பட்டு ஒதுங்குகிற நான் வாய்விட்டுக் கதைப்பது அந்த நேரம்தான்.

போன வருடம் விளையாட்டில் புதிதாக மழை வந்தது. தங்கச்சி உடனே புது கிராபிக்ஸ் கார்ட் போட்டுவிட்டாள். கம்ப்யூட்டருக்குள் இருந்து படத்தை ஓட்டுகிற சாமான் அதுதான். என்னுடையது பழசு. மழை தொடங்கினால் என் லொறி விக்கி விக்கி நிற்கும்.

“என்னக்கா, லொறிக்கு ஆஸ்துமாவோ?” ஹெட்போனில் அவள் சிரித்தாள். “இப்பிடியே இழுத்தா நான் வேற ஆளோட போயிடுவன்.”

அவள் சொன்னால் செய்வாள். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. வீட்டுக்காரரிடம் மெல்லக் கேட்டேன். உயிரோடு இருக்கிற சாமானை மாற்றுவதில்லை என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

“கார்ட் செத்துட்டுதோ?”

“இல்லை. இழுத்துக்கொண்டு கிடக்கு.”

“நானும்தான் இழுத்துக்கொண்டு கிடக்கிறன். என்னையும் மாத்துவீரோ?”

பதில் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

சரி, சாகட்டும் என்று கம்ப்யூட்டருக்குப் போர்த்தியிருந்த பூப்போட்ட துணியை எடுத்தேன். ஜன்னலைத் திறந்துவைத்தேன். கதவுப் பிணைச்சலையே தின்கிற கடற்காற்றுக்கு ஒரு கார்ட் எம்மாத்திரம்? பிள்ளையாரிடமும் ஒரு சொல் போட்டுவைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

சரஸ்வதி பூசையன்று வீட்டுக்காரர் கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்து, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் சாம்பிராணித் தட்டையும் வைத்தார். உள்ளே இருந்த விசிறி அவ்வளவு புகையையும் பக்தியோடு இழுத்தது. அடுத்த ஞாயிறு திரை கறுத்துப் போனது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அவர் விடுவாரா? கடைக்குத் தூக்கிப் போனார். நானும் பின்னால் போனேன்.

“மல்லி, இதுக்கு உயிர் இருக்கோ பாருங்கோ,” என்று கடைக்காரரைச் சிங்களத்தில் தம்பி முறை சொல்லிக் கேட்டார்.

செத்துவிட்டது என்று சொல்லுங்கள் தம்பி என்று கடைக்காரருடைய காதில் போட நினைத்தேன். புது ஆளிடம் எனக்கு வாய் வந்தால்தானே! கடைக்காரர் பிரஷால் துடைத்தார். படம் பளிச்சென்று வந்தது.

“நல்ல கார்ட், அங்கிள். விசிறியிலதான் ஒட்டுத் தூசு. இன்னும் ஓடும்.”

ஞாயிறு திரும்ப மழை. வந்த கோபத்தில் செட்டிங்கில் மழைத்துளி, மர நிழல், தண்ணீர்ப் பளபளப்பு எல்லாவற்றையும் அணைத்தேன். ரோடு மொட்டைத்தலை போல ஆனது. லொறியோ பறந்தது.

“அக்கா, மெதுவா! மழையில ஒண்டும் தெரியேல்ல!”

“இஞ்ச நல்ல வெயில்,” என்றேன்.

தன் வடிவான மழையோடு அவள் பள்ளத்துக்குள் இறங்கினாள். நான் துறைமுகத்தில் நின்று அவளுக்காக ஹோர்ன் அடித்தேன். வேறு ஆள் தேடுகிற கதையை அதற்குப் பிறகு அவள் எடுக்கவில்லை. துணியை நானும் திரும்பப் போர்த்தியாயிற்று, ஓடாத நேரத்தில் மட்டும். என் கார்ட் தானாகச் சாகும்வரை புதிது வேண்டாம்.

திரை கறுத்தது சாம்பிராணியாலா, என் வேண்டுதலாலா என்று விபரம் தெரிந்த யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள். தங்கச்சியிடம் மட்டும் கேட்க வேண்டாம். அந்த ரோட்டில் பள்ளமே இல்லை என்பாள்.