குளிக்கும்போது போகும் கரண்ட்

அந்தத் தெருவில் அவளுக்குப் பெயர் நோட்டு அக்கா. நோயாளியைப் பார்த்துக்கொள்ள எந்த வீட்டுக்குப் போனாலும் கையில் ஒரு நோட்டு இருக்கும். எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்குக் குளியல், எத்தனை மணிக்குக் கோபம் என்று எல்லாம் அதில் ஏறிவிடும்.

இப்போது அவள் பார்த்துக்கொள்வது ஒரு டைலரை. பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்து நான்கு மாதம் படுத்துக் கிடந்தவர். குளியலறைச் சுவரில் பதித்த கைப்பிடியை இடது கையால் இழுத்துப் பிடித்து, ஸ்டூலிலிருந்து தானாக எழுந்து நிற்க இப்போதுதான் பழகியிருந்தார்.

அதைக் கெடுக்க வந்தது கீசருக்கான பிளக் பாயிண்ட் என்றுதான் முதலில் தோன்றியது. அவர் குளிக்கப் போனால் வீடு முழுக்கக் கரண்ட் போனது. எலக்ட்ரீஷியன் பாயிண்டை இரண்டு முறை மாற்றினார், கீசரையும் பிரித்துப் பார்த்தார். பலனில்லை. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை செய்யும் மகளுக்குப் பொறுமை போய்விட்டது.

"திங்கட்கிழமையிலேருந்து அப்பாவைப் படுக்கையிலயே துடைச்சு விட்டுடுங்க அக்கா. இப்படியே போனா என் வேலை போயிடும்."

டைலர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று சாப்பிடவும் இல்லை. இப்போது விட்டால் கட்டிலோடு கட்டிலாகிவிடுவார். அப்படி ஆனவர்களை அவள் மூன்று வீடுகளில் பார்த்திருக்கிறாள்.

எலக்ட்ரீஷியன் ஒரு வழி சொன்னார். "கரண்ட் கசிஞ்சா கட் பண்ற அந்த டிரிப்பரை எடுத்துட்டு லைனை நேரா கொடுத்துடறேன். அப்புறம் கரண்ட் எப்படிப் போகும்?"

"கரண்ட் போகாது தம்பி. ஆள் போயிடுவாரு."

மறுநாள் கீசரைக் கழற்றிவிட்டு அடுப்பில் வெந்நீர் போட்டுக் குளிப்பாட்டினாள். அன்றும் போனது. ஆக, கீசர் இல்லை. நோட்டைப் பின்னாலிருந்து புரட்டினாள். டைலர் காய்ச்சலில் படுத்திருந்த இரண்டு நாளும், மகள் அதே கீசரில் குளித்தும், கரண்ட் போகவில்லை. மற்ற நாட்களில், ஸ்டூலிலிருந்து ஏழு நாற்பதுக்கு எழுந்தார், ஏழு நாற்பதுக்குப் போனது. எட்டு ஐந்துக்கு எழுந்தார், எட்டு ஐந்துக்குப் போனது.

குளியலறைக்குப் போய் நின்றாள். பாயிண்டுக்கு நேர் மேலே கைப்பிடி. கூரையிலிருந்து ஒயர் இறங்கும் வழி. கைப்பிடியை அங்கேதான் வைக்க வேண்டும் என்று பென்சிலால் கோடு போட்டவள் அவள்தான்.

எலக்ட்ரீஷியனை வரவழைத்தாள். "ரப்பர் கையுறை போட்டுக்கிட்டு இதை இழுங்க."

"கைப்பிடிக்கும் கரண்டுக்கும் என்னக்கா சம்பந்தம்? அதுவும் நோட்டுல இருக்கா?"

"இருக்கு. இழுங்க."

இழுத்தார். வீடு இருண்டது.

மெயினை அணைத்துவிட்டுக் கைப்பிடியைக் கழற்றினார்கள். ஒரு திருகின் நுனி கருகியிருந்தது. சுவருக்குள் ஒயர் ஓடும் குழாயைத் துளைத்து, பாரம் விழும்போதெல்லாம் ஒயரைத் தொட்டிருக்கிறது.

எலக்ட்ரீஷியன் அந்தத் திருகையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஈரக் கையோட இதைப் பிடிச்சிருக்காரு."

"டிரிப்பர் இருந்ததால இருக்காரு." மகள் பக்கம் திரும்பினாள். "இடம் காட்டினது நான். ஒயர் எங்க ஓடுதுன்னு கேக்கல. தப்பு என்னோடது."

மகள் அப்பாவின் அறைப் பக்கம் பார்த்தாள். "அப்போ திங்கட்கிழமை?"

"குளிப்பாரு."

ஒயரை மாற்றி, கைப்பிடியை எதிர்ச் சுவரில் பதித்தார்கள். கைப்பிடி இடது கைக்கு எட்டும்படி அவள் ஸ்டூலைத் திருப்பிப் போட்டாள். திங்கட்கிழமை டைலர் மூன்றாவது முயற்சியில் எழுந்து நின்றார். கண் விளக்கிலேயே இருந்தது.

"விளக்கைப் பாக்காதீங்க," என்றாள். "காலைப் பாருங்க."