நூற்றுக்கு நூறு வாங்கிய பக்கம்

புளித்த மாவின் நாற்றம் காற்றில் வந்தால் இங்கே அண்டை வீட்டார் சன்னல்களைச் சாத்துகிறார்கள். நான் திறந்து வைக்கிறேன். வடக்கு நெதர்லாந்தில் நான் வசிக்கும் சிற்றூருக்கு வெளியே, உருளைக்கிழங்கிலிருந்து ஸ்டார்ச் எடுக்கும் ஆலை ஒன்று இருக்கிறது. இலையுதிர் காலம் முழுக்க அது அரைக்கிறது. ஊர் மூக்கைப் பிடித்துக்கொள்கிறது. எனக்கோ கண்ணை மூடினால், ராசிபுரம் தாண்டி ஆத்தூர் ரோட்டில் பஸ், மரவள்ளியை அரைத்து ஜவ்வரிசி செய்யும் சேகோ மில் ஒன்றைக் கடக்கிறது. அதே புளிப்பு, அதே ஈர வெள்ளை. கிழங்கு வேறு, மண் வேறு; பிழிந்தால் நாறுவது ஒன்றுபோலத்தான். யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை, எனக்கு இந்த நாற்றம் பிடிக்கும்.

பதினெட்டு ஆண்டுகளாக என் வேலை, இணையப் பக்கங்களில் கண்ணுக்குத் தெரிகிற பகுதிக்கு நிரல் எழுதுவது. பட்டன், பெட்டி, எழுத்து, நிறம். முன்பெல்லாம் நான் எழுதியதைச் சக மனிதர் ஒருவர் படித்துப் பார்த்துச் சண்டை போடுவார். இந்த ஆண்டு முதல் ஒரு கருவி படிக்கிறது. அரை நிமிடம்தான். நிறம் மங்கலா, பட்டன் சிறிதா, பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளுக்காக ஒவ்வொரு பட்டனுக்கும் பெயர் இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, நூற்றுக்கு இத்தனை என்று போட்டுவிடுகிறது. நல்ல கருவி. அவசரத்தில் நான் விட்ட பிழைகளை எத்தனையோ முறை பிடித்துக் கொடுத்திருக்கிறது. சண்டை அதோடு இல்லை.

சண்டை, ஊர் மருத்துவரிடம் நேரம் குறிக்கும் ஒரு பக்கத்தால் வந்தது. திங்கட்கிழமை அது திறக்கும். அன்றோடு தொலைபேசியில் நேரம் கேட்கும் வழி மூடப்படும். எங்கள் அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கும் ஹன்னா பிறவியிலேயே பார்வையற்றவள். அவளும் அந்த மருத்துவரிடம்தான் போகிறாள். குழுவில் இன்னொருவர் எழுதிய பக்கத்துக்குக் கருவி நூறு போட்டது. அதில் முப்பத்தொரு நாளுக்கு முப்பத்தொரு பட்டன். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ‘தேதி’. பெயர் இருக்கிறதா என்று பார்த்த கருவி, என்ன பெயர் என்று பார்க்கவில்லை. நான் அந்தக் காலண்டரையே கழற்றிவிட்டு, நாளையும் நேரத்தையும் வரிவரியாக எழுதினேன். வழக்கமான ஆயத்தப் பெட்டிகளைப் பயன்படுத்தவில்லை என்று எனக்கு எழுபத்தொன்று.

“நூறு இருக்கும்போது எழுபத்தொன்றை எதற்கு எடுக்க?” என்றார் குழுத் தலைவர் பீட்டர்.

“அந்த நூறை என் கண்ணெதிரே இன்னொரு முறை சோதியுங்கள்.”

“கருவியில் கோளாறா? புகார் எழுது, சரி செய்வார்கள்,” என்றார் பணிவாக. இந்த நாட்டில் கோபத்துக்கும் ஒரு படிவம் உண்டு.

கோளாறு கருவியில் இல்லை என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது? போன தை மாதம் ஊரில் இருந்தபோது, அக்கா சரோஜா மரவள்ளி வெட்டி லோடு ஏற்றினாள். நானும் லாரியில் தொற்றிக்கொண்டேன். மில்லில் கொஞ்சம் கிழங்கைக் கூடையில் எடுத்து, தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை பார்ப்பார்கள். மாவு எவ்வளவு என்று பாயிண்ட் வரும். அந்தப் பாயிண்ட்தான் ஒரு வருடத்து வெள்ளாமையின் விலை.

“இருவத்திமூணுங்கக்கா,” என்றார் மில் சூப்பர்வைசர்.

“ஏனுங்க, வாலும் வேருமாப் பொறுக்கிப் போட்டா வேறென்னத்தக் காட்டும்?”

“மிசினு பொய் சொல்லுங்களா?”

“மிசினு நெசந்தாஞ் சொல்லுது. அதுக்குள்ள என்னத்தப் போட்டீங்கன்னுதானுங்க கேக்கறேன். எறக்குங்க கூடைய. நாங் கை காட்டற பக்கம் எடுங்க.”

பின்னால் காத்திருந்த லாரிக்காரர், “அக்கா, நாங்க இன்னைக்கு ஊடு போய்ச் சேந்தாப்புலதான்,” என்று சிரித்தார்.

“உங்களுக்குஞ் சேத்துத்தானுங்க கேக்கறேன். சித்த நில்லுங்க.”

கூடையைக் கவிழ்த்து, அவள் காட்டிய பக்கத்திலிருந்து நிரப்பினார்கள். இருபத்தேழு வந்தது. அவள் நன்றி சொல்லவில்லை. சீட்டை வாங்கிக்கொண்டு லாரியில் ஏறிவிட்டாள்.

நான் என் கூடையைக் கவிழ்த்தது ஒரு வியாழக்கிழமை பிற்பகல். ஹன்னாவைப் பீட்டரின் மேசையில் உட்கார வைத்து, நூறு வாங்கிய பக்கத்தைத் திறந்து, வாசித்துச் சொல்லும் மென்பொருளின் ஒலியைக் கூட்டினேன். தேதி. தேதி. தேதி. தேதி. நான்காவதில் பீட்டர் சிரித்தார். பன்னிரண்டாவதில் சிரிப்பு நின்றது. ஹன்னா நிறுத்தவில்லை, முப்பத்தொன்றையும் கேட்க வைத்தாள்.

“இதில் செவ்வாய்க்கிழமை எது, பீட்டர்? உனக்குத்தான் கண் இருக்கிறதே, சொல்.”

பிறகு என் பக்கம். ‘செவ்வாய், காலை பத்து மணி, இடம் உண்டு.’ அவள் விரல் அங்கேயே நின்று அழுத்தியது.

பீட்டர் வெளியீட்டுப் படிவத்தைத் திரையில் திறந்தார். “இதை வெளியிட வேண்டுமானால், கருவியை மீறுவதாக உன் பெயரில் எழுத வேண்டும். வருடக் கடைசியில் உன் மதிப்பீட்டில் அது நிற்கும்.”

“நிற்கட்டும்.”

காரணம் கேட்ட கட்டத்தில் ‘ஹன்னாவால் முடிந்தது’ என்று மட்டும் எழுதினேன். என் பெயருக்கு எதிரே சிவப்பு எச்சரிக்கை ஒன்று ஏறி உட்கார்ந்தது. இன்னும் இருக்கிறது. ஊரிலிருந்து படிப்பவர்களுக்கும், என்னைப்போல் எங்கோ ஒரு நாட்டில் நன்றியோடு குனிந்து வேலை பார்ப்பவர்களுக்கும் சொல்கிறேன்: வந்தவள் வாயை மூடிக்கொண்டு மதிப்பெண் வாங்க வேண்டும் என்று எந்த விசாவிலும் எழுதியிருக்கவில்லை. தேடிப் படித்துவிட்டேன்.

அன்று மாலை தூறலில் ஹன்னாவோடு பேருந்து நிறுத்தம் வரை நடந்தேன். பேருந்து வந்தது. படியில் கால் வைத்தவள் திரும்பி, “அடுத்த முறை மதிப்பெண் போடுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிடு,” என்றாள். பதில் சொல்ல வாயெடுத்தேன். பதினெட்டு ஆண்டு டச்சும் அதற்கு முந்தைய ஆங்கிலமும் எங்கே போயினவோ.

“ஆகட்டுஞ் சாமி. பாத்துப் போ.”

என்ன மொழி என்று அவள் கேட்கவில்லை. கதவு மூடும் முன் சொன்னாள்:

“நீயும்.”