ரோடு தெரிகிற படம்

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வனவியல். அந்த மிதப்போடுதான் மரமெல்லாம் வெட்டி முடித்த மலையில் கன்று நடும் வேலைக்குச் சேர்ந்தேன். அறிவிப்புப் பலகை எழுத ஆள் கேட்டபோது லாரிப் பட்டறைக்குக் கைகாட்டினார்கள். அங்கே லாரிகளுக்கு நம்பர் எழுதுகிற அக்கா, பிரஷ்ஷை நிறுத்தாமலே, "என்ன படிச்சிருக்கீங்க?" என்றார். சொன்னேன்.

"மரம் நடறதுக்கு ஒரு படிப்பா? அப்ப குழி தோண்ட தனியா ஒண்ணு இருக்கும்."

அன்றிலிருந்து அவருக்கு நான் 'டிகிரி'.

பட்டறைக்குப் பின்னால்தான் அவர் வீடு. அடுப்புக்கு எதிர்ச் சுவரில் ஒரு படம். மிஞ்சிய லாரி பெயின்டில், பிளைவுட் பலகையில் அவரே வரைந்தது. மொட்டையாய் நிற்கும் மலை. சரிவெங்கும் அடிக்கட்டைகள், வெட்டுவாய் ஈரம் காயாத மஞ்சளில். நடுவே வளைந்து வளைந்து ஏறும் ரோடு.

"பார்த்தா வயிறு எரியுதுக்கா. காடு இருந்தப்பவே வரைஞ்சிருக்கலாமே."

"காடு இருந்தப்ப ரோடு தெரியாதே, டிகிரி."

அவர் வீட்டுக்காரர் மரலாரி ஓட்டியவர். இந்த மலையில் மரம் தீர்ந்ததும் லாரியோடு வேறு மலைக்குப் போனார். முதலில் தினமும் போன் வந்தது. பிறகு எப்போதாவது. பிறகு அக்கா கூப்பிட்டால், அந்த நம்பரே இல்லை என்றது போன். சமையலறை ஜன்னலில் நின்றால் ரோடு முழுக்கத் தெரியும். அடுப்பில் எது கொதித்தாலும் அக்காவின் கண் அங்கே போய்விடும். அடிபிடித்த வாசனைதான் அவரைத் திருப்பும்.

ஜன்னலுக்கு நேரான சரிவில் குழி எடுத்த அன்று அவரே ஏறி வந்தார்.

"இந்த ஒரு பக்கத்த மட்டும் விட்டுடேன் தம்பி. மலை ஒண்ணும் கோவிச்சுக்காது."

"மழையில மண்ணு சரியும்க்கா. கீழ இருக்கிறது உங்க வீடுதான்."

கன்றுகளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அப்ப மெதுவா வளர்ற ஜாதியா பாத்து நடு."

அப்படியே நட்டேன். மேலதிகாரி கேட்டதற்கு இந்த மண்ணுக்கு இதுதான் பிடிக்கும் என்றேன், பொய்யும் இல்லை. ஆனாலும் மரம் மரம்தானே. சில வருடங்களில் ரோட்டின் கீழ்வளைவு மறைந்தது, அடுத்த வருடம் நடுப்பகுதி. போன மழைக்குப் பிறகு ஜன்னலில் இலைகள் மட்டும்தான்.

அந்த மாதமே அக்கா பட்டறையையும் வீட்டையும் விட்டார். இப்போது மலை ரோட்டின் ஓரத்திலேயே, ஒரு டயர் கடையை ஒட்டிய தகர ஷெட்டில் இருக்கிறார். நிற்கிற லாரிகளுக்கு நம்பர் எழுதுகிறார். அவர் வீட்டுக்காரர் இன்னும் வரவில்லை.