மூன்றாம் ஓலை

என் தங்கையின் கல்யாணச் செய்தியை எங்கள் அப்பா இந்திக்குள் ஒளித்துவைக்கப் பார்த்தார். அந்தமானில் உட்கார்ந்துகொண்டு இப்படி யோசித்தார் என்று சொன்னால் இங்கே யாரும் நம்பமாட்டார்கள். தமிழர், வங்காளி, தெலுங்கர், மலையாளி என்று எல்லோருக்கும் பொதுவாக இங்கே இருப்பது அந்த ஒரு மொழிதான். மீனுக்கு விலை பேசுவது அதில். தண்ணீர்க் குழாயடியில் சண்டை போடுவதும் அதில்தான். ஆனால் மனிதனுக்கு வெட்கம் பிடித்துக்கொண்டால் மூளை பாதி வேலைதான் செய்யும்.

தங்கை நர்ஸ். அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே எக்ஸ்ரே எடுக்கிறவரைக் கட்டிக்கொள்ளப் போவதாக ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். அவரும் எங்களைப்போலக் கத்தோலிக்கர்தான். அந்த வகையில் அப்பா சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அவருடைய தாத்தாவை ராஞ்சிப் பக்கத்திலிருந்து காடு வெட்டக் கப்பலில் கொண்டுவந்திருந்தார்கள். அந்த மக்களுக்கு இங்கே பெயரே ராஞ்சி. இங்கேயே பிறந்து இங்கேயே மண்ணுக்குள் போனாலும் ராஞ்சிதான். அவர்களில் பலர் அந்த ஊரைக் கண்ணால் பார்த்ததில்லை. காட்டை வெட்டியது அவர்கள், ரோடு போட்டது அவர்கள். இன்றைக்கும் எத்தனையோ குடும்பங்களுக்குக் குடிசை நிற்கும் இடம் சொந்தமில்லை.

அப்பா கட்டட மேஸ்திரி. தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து இளவயதில் கப்பலேறி வந்தவர். டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் எங்கள் வீட்டை அவரே கட்டினார். அவர் சைட்டில் மணலும் ஜல்லியும் சுமந்தவர்களில் பாதிப்பேர் ராஞ்சி ஆட்கள்தான். அவர்களோடு சிரித்துப் பேசுவார், டீ வாங்கிக் கொடுப்பார். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவார். அதை ஒரு தப்பு என்று அவரும் நினைத்ததில்லை, நாங்களும் கேட்டதில்லை.

பல வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்துவிட்டுக் கடைசியில் சரி என்றார். தங்கை விடமாட்டாள் என்று அவருக்குத் தெரியும். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"ஓலைய இந்திப் பூசையில வாசிக்கட்டும். நம்ம ஆளுவளுக்குக் கல்யாணம் முடிஞ்சப்பறம் தெரிஞ்சாப் போதும்."

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் பிறந்த மகன், இன்னாருக்கும் இன்னாருக்கும் பிறந்த மகளை மணக்கப்போகிறார், தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்ற அறிவிப்பு அது. எங்கள் கோவிலில் விடிந்ததும் தமிழ்ப் பூசை, அடுத்தது இந்திப் பூசை. எங்கள் குடும்பம் விடிகாலைப் பூசைக்காரர்கள். இந்திப் பூசை ராஞ்சி ஆட்களுக்கு என்பது அப்பாவின் எண்ணம்.

முதல் ஓலையன்று நானும் அம்மாவும் இந்திப் பூசைக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். பூசை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வண்டூர்க்காரர்கள் உள்ளே வந்தார்கள். தீவின் இன்னொரு கரையில் இருக்கும் எங்கள் அம்மாவின் சொந்தக்காரர்கள், கடலுக்குப் போகிறவர்கள். ஞாயிறுதான் மீன் நன்றாகப் போகும் நாள். முதல் பஸ்ஸில் மீனைக் கொண்டுவந்து விற்று முடித்து, கையைக் கழுவிவிட்டு வந்தால் அவர்களுக்குக் கிடைப்பது இந்திப் பூசைதான். அப்பா இதை மறந்துபோயிருந்தார். அம்மா என் தொடையைக் கிள்ளிய வேகத்தில் கன்றிப்போய்விட்டது.

சாமியார் மலையாளி. நிதானமான, தெளிவான இந்தியில் ஓலையை வாசித்தார். வண்டூர்த் தலைகள் அத்தனையும் எங்கள் பக்கம் திரும்பின.

மத்தியானச் சோற்றுக்குள் செய்தி கடலைத் தாண்டிவிட்டது. ஊரிலிருந்து மாமா, அதாவது அம்மாவின் தம்பி, போன் செய்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"எக்கா, காடு வெட்ட வந்தவனுக்கா பிள்ளையக் குடுக்கிய? நான் வரல. மாமன் மாலை போட வேற ஆளப் பாத்துக்கிடுங்க."

போன் வைத்த பிறகும் அம்மா அதைக் கையில் பிடித்துக்கொண்டே அழுதாள். அப்பா தங்கையைத் திட்ட ஆரம்பித்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. என்னை மாமா மகனுக்குக் கேட்டபோது இதே மாமாதான், "தீவுல வளந்த பிள்ள, அங்க எல்லாம் கலப்பு" என்று சொல்லி வேண்டாம் என்றார். அன்றைக்கு நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பா அப்போது கொதித்த கொதிப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மெயின்லேண்ட்காரனுக்கு நாமெல்லாம் மனுசனாத் தெரியலையா என்று வீட்டுச் சாமான்களையெல்லாம் உதைத்தார்.

"அன்னைக்கு என்னப் பத்தி மாமா சொன்னதத்தான இன்னைக்கு நீங்க அந்தப் பையனப் பத்திச் சொல்லுதிய?" என்று கேட்டேன்.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். தங்கை மட்டும் அழவில்லை. "அப்பா கோவிலுக்கு வரலன்னாலும் கல்யாணம் நடக்கும். நான் தனியா நடந்து பீடத்துக்குப் போயிக்கிடுவேன்" என்றாள். அவள் அப்படியே செய்வாள் என்று எனக்குத் தெரியும். 

இரண்டாம் ஓலையும் இந்திப் பூசையிலேயே முடிந்தது. அன்று சாயங்காலம் மாப்பிள்ளையின் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். கூட யாரும் இல்லை. மழையில் நனைந்த குடையை வாசலிலேயே சாய்த்துவைத்துவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார். ஒல்லியான பெண்மணி, உச்சந்தலையில் முடி கொட்டி வழுக்கை தெரிந்தது.

"மேஸ்திரி ஜி, ஏக் பாத் பூச்னா ஹை" என்று ஆரம்பித்தார். ஒரு விஷயம் கேட்க வேண்டும் என்றார். பிறகு கேட்டது இவ்வளவுதான்: எங்கள் பெயரை உங்கள் ஆட்கள் முன்னால் ஏன் வாசிக்கச் சொல்லவில்லை? குரலில் கோபம் இல்லை.

அப்பா சாமியார் மேல் பழி போட்டார். நேரமில்லை என்றார், தமிழில் எழுத ஆள் இல்லை என்றார். அந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். பள்ளிக்கூடக் கட்டடம் கட்டும்போது உங்களிடம்தான் சுமை எடுத்தேன், என் மகனை மணல் குவியல் ஓரத்தில் சாக்கு விரித்துப் படுக்கவைப்பேன், வெயில் வந்தால் நீங்களே சாக்கை நிழலுக்கு இழுத்துவிடுவீர்கள். ஞாபகம் இருக்கிறதா?

அப்பாவுக்கு ஞாபகம் இல்லை. அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அந்த உச்சந்தலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டி சுமந்து சுமந்து முடி போன தலைகள் அவருக்குப் பழக்கம்தான்.

"நாம் க்யா ஹை ஆப்கா?" என்று கேட்டார். உங்கள் பெயர் என்ன.

இரண்டு ஓலை முடிந்திருந்தது. இரண்டிலும் அந்தப் பெயர் இருந்தது. அப்பா இரண்டுக்கும் போகவில்லை. அந்த அம்மாள் பெயரைச் சொன்னார். அம்மா கொடுத்த டீயை நின்றபடியே குடித்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார். எனக்கு அவ்வளவு அவமானமாக இருந்தது.

அந்த வாரம் அப்பா சாமியாரைப் பார்க்கப் போனார். மூன்றாம் ஓலையைத் தமிழ்ப் பூசையில் தானே வாசிக்க வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சனிக்கிழமை குளியலறையிலிருந்து அவர் முணுமுணுத்துப் பழகுவது கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். எப்படித் தெரிந்ததோ, வண்டூர்க்காரர்களும் அந்த ஞாயிறு மீனை அப்படியே விட்டுவிட்டு விடிகாலையிலேயே வந்துவிட்டார்கள். வேடிக்கை பார்க்கத்தான் வந்தார்கள் என்று இன்றைக்கும் சொல்வேன்.

மாப்பிள்ளையின் அம்மாவும் வந்திருந்தார். எங்கள் அம்மா அவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். ஒரு வார்த்தை தமிழ் தெரியாமல் முழுப் பூசையும் இருந்தார்.

அப்பா மைக் முன்னால் போய் நின்றார். மாப்பிள்ளை பெயரைச் சொன்னார், அவருடைய தந்தை பெயரைச் சொன்னார். பிறகு அந்த அம்மாளின் பெயரைச் சொன்னார், சத்தமாக.

அத்தனை தமிழுக்கு நடுவில் தன் பெயர் கேட்டதும் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. அந்த அம்மாள் சட்டென்று எழுந்து நின்றார்.  அம்மா அவரையும் அப்பாவையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுத் தானும் எழுந்தாள், நானும் எழுந்தேன். கோவிலில் முன்னால் இருப்பவர் எழுந்தால் பின்னால் இருப்பவர் ஏன் என்று கேட்பதில்லை. ஒரு பெஞ்சு, அடுத்த பெஞ்சு, பிறகு ஆண்கள் பக்கம், கடைசியில் வண்டூர்க்காரர்கள் என்று கோவில் முழுக்க எழுந்து நின்றுவிட்டது.

அப்பா வாசிப்பதை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். உட்காருங்கள் என்று அவர் சொல்லவில்லை. என் தங்கையின் பெயரைச் சொல்லி முடித்துவிட்டு, "இவர்கள் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம்" என்று வாசித்தார். எல்லோரும் நின்றுகொண்டே இருந்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை.

மாமா வரவில்லை. மாமன் மாலை போட யாரும் இல்லாமலேதான் கல்யாணம் நடந்தது, அம்மாவுக்கு அந்தக் குறை இன்னும் இருக்கிறது. தங்கையின் கையைப் பிடித்துப் பீடம்வரை அப்பாதான் கூட்டிக்கொண்டு போனார். விருந்தில் அவர் எங்கே உட்காரப் போகிறார் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தட்டை எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சைட்டில் தன்னிடம் வேலை செய்தவர்கள் உட்கார்ந்திருந்த மேசைக்குப் போய், கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லி, நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டார்.